புது டிவி வாங்கும் மதுரைக்காரர்களுக்கு: ஹெச்டி, ஃபுல் ஹெச்டி, 4கே குழப்பம் தீர ஒரு வழிகாட்டி

புது டிவியைச் சுவரில் மாட்டி முடித்ததும் "பழைய டிவியிலேயே படம் நல்லா இருந்துச்சே" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். கடையில் பளிச்சென்று இருந்த டிவி, ஹாலுக்கு வந்ததும் முகங்களை அகலமாக்கி, எழுத்துகளை மசமசவென்று காட்டியது. கடைக்காரர் கேபிளைக் குறை சொன்னார். கேபிள்காரர் வயரைக் குறை சொன்னார். சர்வீஸுக்கு வந்தவர் டிவியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு துண்டு உண்மையைச் சொன்னார்கள், சேர்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அதைச் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சேனல் அனுப்பும் படம், செட்டாப் பாக்ஸ், வயர், டிவியின் திரை, டிவிக்குள் இருக்கும் செட்டிங் என்று ஐந்து இடங்களைத் தாண்டித்தான் படம் உங்கள் கண்ணுக்கு வருகிறது. இந்த ஐந்தில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் தெளிவு கிடைக்கும். டிவிக்கு மட்டும் பணத்தைக் கொட்டி மற்ற நான்கையும் விட்டுவிட்டால் பலன் இல்லை.

1. கடைக்குப் போகுமுன் ஹாலை அளந்துகொள்ளுங்கள்

டேப்பை எடுத்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் டிவி வைக்கும் இடத்தின் அகலம், உயரம்.

டிவிக்குச் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை குறுக்காக எடுத்த அளவு. 32 அங்குல டிவியின் திரை சுமார் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். 43 அங்குலம் என்றால் 95க்கு 54. 55 அங்குலம் என்றால் 122க்கு 68. இதோடு விளிம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளின் ஷோகேஸில் டிவிக்கு விட்ட இடம் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். அது பழைய 4:3 டிவிக்குச் (அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு) செய்தது. அதில் இன்றைய அகல டிவியை வைக்க வேண்டுமென்றால், இருந்ததைவிடச் சின்ன டிவிதான் நுழையும். தச்சரைக் கூப்பிடும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. டிவிப் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. ஹெச்டி ரெடி, ஃபுல் ஹெச்டி, 4கே என்ற பெயர்கள் திரையில் எத்தனை புள்ளி என்பதைச் சொல்பவை, எண்கள் அடுத்த பகுதியில். 43 அங்குல ஃபுல் ஹெச்டி டிவியை ஐந்தரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், சாதாரணப் பார்வை உள்ளவருக்குப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 55 அங்குலத்தில் அந்த எல்லை சுமார் 7 அடி. 32 அங்குல ஹெச்டி ரெடி டிவியில் சுமார் 6 அடி. இந்த எல்லைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அதைவிடக் கூடுதல் புள்ளி உள்ள திரையை வாங்கினால், தெளிவில் வித்தியாசம் தெரியாது. சோபா 10 அடி தள்ளி இருக்கும் வீட்டில் 43 அங்குலத்தில் 4கே வேண்டும் என்று மட்டும் கூடுதலாகக் கொடுப்பது வீண். அந்தப் பணத்தைப் பெரிய திரைக்கோ நல்ல ஸ்பீக்கருக்கோ போடலாம்.

2. இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

எஸ்டி: 720×576 (அகலவாக்கில் 720 புள்ளி, உயரவாக்கில் 576). சாதாரண கேபிள் சேனல். மொத்தம் சுமார் 4.1 லட்சம் புள்ளிகள்.
ஹெச்டி: 1280×720. இதை 720பி என்பார்கள்.
ஹெச்டி ரெடி: பெரும்பாலும் 1366×768. சுமார் 10.5 லட்சம் புள்ளிகள்.
ஃபுல் ஹெச்டி: 1920×1080. சுமார் 20.7 லட்சம்.
4கே அல்லது அல்ட்ரா ஹெச்டி: 3840×2160. சுமார் 83 லட்சம்.

8கே என்று ஒன்று இருக்கிறது, 7680×4320. நம் வீட்டுக்கு வரும் சேனல் எதுவும் அந்த அளவில் இல்லை. விட்டுவிடுங்கள்.

எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி என்பவை திரை ஒளிரும் விதத்தைச் சொல்லும் பெயர்கள். புள்ளிக் கணக்கு அதில் இல்லை. "கியூஎல்இடி சார், படம் கிளியரா இருக்கும்" என்று சொன்னால், "திரை எத்தனைக்கு எத்தனை?" என்று திருப்பிக் கேளுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் 'பி', 'ஐ' எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். 1080பி என்றால் ஒவ்வொரு முறையும் முழுப் படமும் வருகிறது. 1080ஐ என்றால் ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள் என்று நொடிக்கு 50 முறை மாறிமாறி வருகின்றன. நம் ஊர் ஹெச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ தான். இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவது டிவியின் வேலை. செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நேரலையில் வாடிவாசலிலிருந்து காளை சீறி வரும்போது, கொம்பின் ஓரமும் திமிலின் ஓரமும் சீப்புப் பல் மாதிரிப் பிசிறடித்தால் உங்கள் டிவியோ பாக்ஸோ அந்த ஒட்டுவேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். டிவியின் தரத்தைச் சோதிக்கப் பொங்கல் நேரலையைவிட நல்ல பரீட்சை கிடையாது.

3. கடையில் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்

டவுன்ஹால் ரோட்டுச் சின்னக் கடை என்றாலும் பைபாஸ் ரோட்டுப் பெரிய ஷோரூம் என்றாலும், சுவரில் ஓடிக்கொண்டிருப்பது டிவி நிறுவனமே எடுத்துக் கொடுத்த 4கே விளம்பர வீடியோ. பூவும் மீனும் கடலும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். வீட்டில் நீங்கள் பார்க்கப்போவது அது இல்லை. "சாதாரண கேபிள் சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அதோடு கையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். தமிழ் நாளிதழின் பாதிப் பக்கம் போன் திரை முழுக்க வரும்படி வைத்து, போனை அசையாமல் ஊன்றி, 4கேயில் அரை நிமிட வீடியோ எடுத்து அதில் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கடை டிவியில் ஓடவிட்டுக் கிட்டே போய்ப் பாருங்கள். 4கே திரையில் பொடி எழுத்தின் சுழிகள் பிரிந்து தெரியும். ஃபுல் ஹெச்டியில் சிரமப்பட்டுப் படிக்கலாம். ஹெச்டி ரெடியில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட இந்தச் சோதனை நம்பகமானது.

பெரிய பொறி ஒன்று உண்டு. '1080பி சப்போர்ட்', '4கே சப்போர்ட்' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த அளவில் வரும் படத்தை டிவி உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். வாங்கியதைச் சுருக்கி, தன்னிடம் இருக்கும் 1366×768 புள்ளிகளில்தான் காட்டும். விவரப் பட்டியலில் டிஸ்ப்ளே ரெசல்யூஷன் என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வரியே இல்லாத டிவியை வாங்காதீர்கள்.

மாடல் எண்ணில் ஒரு எழுத்து மாறினால் திரையே மாறிவிடும். ஒரே நிறுவனம், ஒரே 43 அங்குலம், ஒன்று ஃபுல் ஹெச்டி, இன்னொன்று 4கே என்று இருக்கும். டிவியின் பின்னால் உள்ள லேபிளைப் போனில் படம் எடுத்து, அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கடையிலேயே தேடிப் பாருங்கள். லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண்ணும் இருக்கும். 'ஆர்' எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெயர் தெரியாத மலிவு டிவிகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

4. விலை, பில், வாங்கும் நேரம்

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். 32 அங்குலமும் அதற்குக் கீழும் ஏற்கெனவே 18 தான். பில்லில் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இருக்க வேண்டும்.

டிவி விலையோடு செலவு முடியாது. சுவர் ஸ்டாண்ட், மாட்டுக்கூலி, பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் ஹெச்டிஎம்ஐ வயர், ஹெச்டி பாக்ஸ், மாதச் சந்தா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு டிவிக்கு எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். ஸ்டெபிலைசர் கட்டாயம் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். பின்பக்க லேபிளில் 100-240 வோல்ட் என்று இருந்தால், சாதாரண ஏற்ற இறக்கத்தை டிவியே தாங்கிக்கொள்ளும். 'வட்டியில்லாத் தவணை' என்றாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கும், வட்டிக்கு உரிய ஜிஎஸ்டியும் கார்டு கணக்கில் ஏறும்.

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் விலை இறங்குவது உண்மை. ஆனால் அந்த நாட்களில் பென் டிரைவைச் செருகிக் காட்டச் சொன்னால் யாருக்கும் நேரம் இருக்காது. மாடலைப் பண்டிகைக்கு முன்பே, வேலைநாள் காலையில் போய்த் தேர்ந்துவிட்டு, தள்ளுபடி வந்ததும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

பில்லில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், கடையின் ஜிஎஸ்டி எண், டிவியின் முழு மாடல் எண், சீரியல் எண். '43 அங்குல எல்இடி டிவி' என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். "4கே என்று சொல்லித்தான் விற்றார்கள்" என்பதற்கு மாடல் எண் ஒன்றுதான் சாட்சி. வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும்.

5. டிவி வீட்டுக்கு வரும் நாள்

இணையத்தில் வாங்கினால் மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் 7 அல்லது 10 நாள். அதற்குள் எல்லாச் சோதனையும் முடிய வேண்டும். அதனால் ஊருக்குப் போகும் வாரத்தில் டெலிவரி வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியை நிறுவன ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அப்படி இருந்தால் காத்திருங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பெட்டியிலும் டிவியிலும் பில்லிலும் சீரியல் எண் ஒன்றா என்று பாருங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் கெடு முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போது 'வீட்டு உபயோகமா, கடை உபயோகமா' என்று டிவி கேட்கும். அவசரத்தில் கடை என்று அமுக்கிவிட்டால் வெளிச்சமும் நிறமும் கண்ணைக் கூசும்படி இருக்கும். வீடு என்று தேர்ந்தெடுங்கள்.

6. செட்டாப் பாக்ஸை மறக்காதீர்கள்

நம் பக்கத்துப் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் முளைக்கிறது. புது டிவி, பழைய எஸ்டி பாக்ஸ். 4.1 லட்சம் புள்ளிகளை 83 லட்சம் புள்ளிகளில் இழுத்துப் பரப்பினால் மங்காமல் என்ன செய்யும்? திரை பெரிதாகப் பெரிதாக மங்கல் கூடும்.

கேபிள்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, எங்க வீட்டு பாக்ஸ் எஸ்டியா, ஹெச்டியா?" பின்னால் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறது என்பதால் அது ஹெச்டி பாக்ஸ் ஆகிவிடாது, சில எஸ்டி பாக்ஸ்களிலும் அந்தத் துளை உண்டு. ஹெச்டி பாக்ஸ் மாற்றும்போது அது சொந்தமா, வாடகையா, டெபாசிட்டா, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு வரும் என்பதைக் கேட்டு ரசீது வாங்குங்கள். ஆதார் நகலும் போன் எண்ணும் கேட்பார்கள். விண்ணப்பத்தில் பாக்ஸ் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது பாக்ஸில் படம் வந்து ஓடும்வரை பழையதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பாக்ஸ் ஹெச்டி ஆனாலும் சேனல் தானாக ஹெச்டி ஆகாது. சன் டிவி ஹெச்டி, கேடிவி ஹெச்டி, விஜய் ஹெச்டி, ஜீ தமிழ் ஹெச்டி எல்லாம் தனிச் சேனல்கள். தனி எண், தனி விலை.  தினமும் பார்க்கும் நான்கைந்து சேனலுக்கு மட்டும் ஹெச்டி எடுத்தால் போதும். பேக்கேஜாகப் போடும்போது, அதே சேனலின் எஸ்டியும் சேர்ந்து வந்து இரண்டுக்கும் பணம் கட்டுகிறீர்களா என்று பாருங்கள். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பெரும்பாலும் எஸ்டி தான். மீனாட்சி திருக்கல்யாணத்தை உள்ளூர் கேபிள் சேனலில் பார்க்கும்போது மங்கலாக இருந்தால் டிவியைக் கோபிக்காதீர்கள், அனுப்புவதே அவ்வளவுதான்.

கடைசியாக பாக்ஸின் மெனுவில் வீடியோ அல்லது டிஸ்ப்ளே செட்டிங் போங்கள். புது பாக்ஸ்கூட சில சமயம் 576ஐ, 4:3 என்று வைத்தே வரும். அதை 1080ஐ, 16:9 என்று மாற்றுங்கள்.

7. வயர்

மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று முனை உள்ள ஏவி வயரில் ஹெச்டி படம் வரவே வராது. மாட்ட வந்தவர் கையில் இருந்ததைச் செருகிவிட்டுப் போயிருப்பார். பிடுங்கிவிட்டு ஹெச்டிஎம்ஐ போடுங்கள். 1080 வரைக்கும் 'ஹை ஸ்பீடு' என்று குறித்த சாதாரண வயர் போதும், சில நூறு ரூபாய்தான். நொடிக்கு 60 படம் வரும் 4கேவுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு' வேண்டும். தங்க முலாம், ஆயிரக்கணக்கில் விலை என்பதெல்லாம் தேவையில்லை.

வீடு கட்டுபவர்கள் ஹெச்டிஎம்ஐ வயரைச் சுவருக்குள் பூசிவிட வேண்டாம். அகலமான பைப் போட்டு, உள்ளே ஒரு இழுகயிறு விட்டு வையுங்கள். வயர் கெட்டால் சுவரை உடைக்காமல் மாற்றலாம்.

8. முகம் அகலமாகத் தெரிகிறதா, கறுப்புப் பட்டை வருகிறதா?

16:9 என்பது இன்றைய திரையின் அகல-உயர விகிதம். பழைய டிவி, அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவி உட்பட, 4:3. அந்த 4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய படங்களில் கதாநாயகி குண்டாகத் தெரிவது இதனால்தான். படத்தில் வட்டமான ஏதாவது வரும்போது பாருங்கள்: வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், நெற்றிப் பொட்டு. வட்டம் முட்டையாகத் தெரிந்தால் அளவு தப்பு. ரிமோட்டில் அளவை 'ஒரிஜினல்' அல்லது 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு வரும். வரட்டும், படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது. "காசு கொடுத்த திரை வீணாகுதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வட்டத்தைக் காட்டிப் புரியவையுங்கள், கேட்பார்கள்.

சினிமாஸ்கோப் படங்களின் விகிதம் 2.35:1 அளவில் இருக்கும். 16:9 திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். திரை உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். 43 அங்குல டிவியில் மேலே ஆறரை செ.மீ., கீழே ஆறரை செ.மீ. இது கோளாறு இல்லை. ஜூம் போட்டுப் பட்டையை நீக்கினால் இடமும் வலமும் நிற்கிற ஆட்கள் வெட்டுப்படுவார்கள்.

நான்கு பக்கமும் கறுப்பு வந்தால்தான் கோளாறு. சேனல் அகலப் படத்தை 4:3க்குள் அடக்கி அனுப்ப, உங்கள் டிவி அந்த 4:3க்கும் பக்கப் பட்டை போடுகிறது. ஜூம் பொத்தான் இருப்பது இதற்காகத்தான், தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதே இல்லை. கீழே ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்பட்டோ, சேனல் முத்திரை ஓரத்தில் ஒட்டியோ இருக்கிறதா? டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. பெரிதாக்கும்போது புள்ளிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஃபுல் ஹெச்டியின் கூர்மையே போய்விடும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'டிஸ்ப்ளே ஏரியா'வுக்குள் 'ஃபுல் பிக்சல்' என்று தேடி ஆன் செய்யுங்கள். செலவே இல்லாமல் கிடைக்கும் தெளிவு இது. ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கலாம்.

சினிமா நொடிக்கு 24 படம். டிவி இடையில் தானே படங்களைச் செருகி வழுக்கலாக்கும்போது சினிமா, சீரியல் மாதிரித் தெரியும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள், கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

9. நெட் வழியாகப் பார்ப்பவர்களுக்கு

4கே டிவி வாங்கினாலும் திட்டம் 4கே ஆக இருக்க வேண்டும். இதை எழுதும் நேரத்தில் நெட்ஃபிளிக்ஸில் 199 ரூபாய்த் திட்டம் 720பி, 499 ரூபாய்க்கு 1080பி, 649 ரூபாய்க்குத்தான் 4கே. அவர்கள் பரிந்துரைக்கும் வேகம் 1080பிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு 15. 4கே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 ஜிபி தின்னும். போன் ஹாட்ஸ்பாட்டில் வேண்டாம். மோடம் பக்கத்தில் இருந்தால் வைஃபையைவிட லேன் வயர் நிம்மதி.

மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருக்காது. அது இல்லாவிட்டால் பணம் கட்டிப் பார்க்கும் பல செயலிகள் எஸ்டி அளவோடு நின்றுவிடும். வாங்குமுன் கேளுங்கள்.

என்ன அளவில் வருகிறது என்று தெரிய, யூடியூபில் வீடியோ ஓடும்போது செட்டிங்கில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். 1920×1080 என்றோ 3840×2160 என்றோ மூலையில் காட்டும்.

10. ஏமாற்றப்பட்டால்

சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இணையத்திலும் மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேட்கும் ஆவணங்கள்: பில், வாரண்டி கார்டு, பின்பக்க லேபிளின் படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டி பிரித்த வீடியோ, புகார் எண், சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த தாள். அந்தத் தாளில் நீங்கள் சொன்ன குறையை அவர் அப்படியே எழுதியிருக்கிறாரா என்று படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். பில்லை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வழுவழுப்பான தாளில் அச்சடித்த பில் சில மாதங்களில் வெளுத்துப் போகும்.